வகுத்தல்: ஈவு எதன் எண்ணிக்கை? – வாசகர் கேள்வி பதில்

தொடக்கப்பள்ளிக் கணக்கைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் வகுத்தலைப் பற்றியவையே மிகுதி. கூட்டலையும் கழித்தலையும் பெருக்கலையும் தயக்கமின்றிச் செய்யும் குழந்தைகள் வகுத்தலுக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் ஒருசேர எழுதுகிறார்கள். அக்கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். 12-ஆம் வாய்பாடு வரை பிழையின்றிச் சொல்வாள். 24 ÷ 6 என்று எழுதிக் கொடுத்தால் உடனே 4 என்பாள். அதே கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் மட்டும், பெருக்குவதா வகுப்பதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எங்கே தவறுகிறோம்?

பதில்: உங்கள் மகளுக்கு வகுத்தலின் விடை தெரிகிறது, அது எந்தக் கேள்விக்கு விடை என்பதுதான் தெரியவில்லை. வகுத்தல் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டாமலேயே நாம் குறியீட்டுக்குத் தாவிவிடுகிறோம்.

24 பென்சில்களை 6 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை வரும் என்பது ஒரு கேள்வி. 24 பென்சில்களை ஆளுக்கு 6 வீதம் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும் என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் 24 ÷ 6 = 4 என்றே எழுதுகிறோம். ஆனால் முதலாவதில் அந்த 4 பென்சில்களின் எண்ணிக்கை. இரண்டாவதில் ஆட்களின் எண்ணிக்கை. முதலாவதைச் சமப்பங்கீடு என்றும் இரண்டாவதைச் சமக்குழுவாக்கல் என்றும் வைத்துக்கொள்வோம். பெயர்களைக் குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கைகளால் செய்து பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதை அவள் உணர்ந்தால் போதும்.

செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் கணக்கில் அவள் ஆறு இடங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக வைத்தபடி சுற்றி வருவாள். நான்கு சுற்றில் பென்சில்கள் தீர்ந்துவிடும். இரண்டாவதில் ஆறு ஆறாக அள்ளி அள்ளித் தனியே வைப்பாள். நான்கு முறை அள்ளியதும் தீர்ந்துவிடும். இத்தனை வேறுபட்ட செயல்கள் ஏன் ஒரே எண்ணைத் தருகின்றன என்று அவளே கேட்டால், அது அவள் ஆண்டு முழுவதும் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்விகளுள் ஒன்றாக இருக்கும். அதற்கான விடை அந்தச் சுற்றுகளிலேயே இருக்கிறது. ஆறு பேருக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒரு சுற்று முடியும்போது குவியலிலிருந்து சரியாக ஆறு பென்சில்கள் குறைகின்றன. ஆகவே எத்தனை சுற்று என்று கேட்பதும் 24-க்குள் எத்தனை ஆறுகள் என்று கேட்பதும் ஒன்றே. பென்சில்களை 6 வரிசை, வரிசைக்கு 4 என்று அடுக்கி, பிறகு அவளைப் பக்கவாட்டில் வந்து நின்று பார்க்கச் சொன்னால், அதே அடுக்கு 4 வரிசை, வரிசைக்கு 6 என்று தெரியும். பெருக்கலில் எண்களின் இடம் மாறினாலும் விடை மாறாது என்று அவள் ஏற்கெனவே படித்ததும் இதுதான்.

நம் மொழியே இதில் நமக்கு உதவுகிறது. வகுத்தலின் விடைக்கு நாம் வைத்திருக்கும் ஈவு என்ற பெயர் ஈதல் என்பதோடு உறவுடையது. கொடுக்கப்பட்டது, பங்காக வந்தது என்று அதற்குப் பொருள். சமப்பங்கீட்டுக் கேள்விக்கு அது அப்படியே பொருந்துகிறது. குழுவாக்கல் கேள்விக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அங்கே ஈவு என்பது பங்கு அன்று, பங்குகளின் எண்ணிக்கை. குழந்தைகள் இரண்டாவது வகைக் கணக்கில் அதிகம் தடுமாறுவதற்கு, வகுத்தல் என்றாலே பகிர்ந்து கொடுப்பது என்று மட்டும் நாம் சொல்லி வைத்திருப்பதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். மறுபுறம், ஆளுக்கு, பெட்டிக்கு, நாளுக்கு என்று நாம் சொல்லும்போது வரும் அந்த ‘கு’ உருபும், இவ்விரண்டாக, மும்மூன்றாக, நந்நான்காக என்ற சொற்களும் ஒரு குழுவின் அளவு எது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. ஆளுக்கு எத்தனை என்று கேட்டால் குழுவின் அளவைத் தேடுகிறோம். ஆளுக்கு இத்தனை என்று தந்துவிட்டால் குழுக்களின் எண்ணிக்கையைத் தேடுகிறோம்.

ஆகவே ஒரு மாத காலம் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். நாளொன்றுக்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். 35 ÷ 5 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு கதைகள் சொல்லச் சொல்லுங்கள், வகைக்கு ஒன்றாக. விடை சொன்னதும், ஏழு என்றால் ஏழு என்ன என்று கேளுங்கள். ஏழு பக்கங்கள், ஏழு நாட்கள், ஏழு பெட்டிகள் என்று ஏதாவது ஒன்றின் பெயர் வர வேண்டும். வெறும் ஏழு என்ற விடையை ஏற்காதீர்கள்.

கேள்வி: 6-ஆல் 24-ஐ வகு என்று சொன்னால் என் மகன் 6 ÷ 24 என்று எழுதுகிறான். எத்தனை முறை திருத்தினாலும் மீண்டும் அப்படியே எழுதுகிறான். இதற்கு வழி உண்டா?

பதில்: அவன் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறான். தமிழில் 24-ஐ 6-ஆல் வகு என்றாலும் 6-ஆல் 24-ஐ வகு என்றாலும் பொருள் ஒன்றே; எது வகுபடும் எண், எது வகுக்கும் எண் என்பதைச் சொற்களின் வரிசை காட்டுவதில்லை, வேற்றுமை உருபுகள் காட்டுகின்றன. ‘ஐ’ ஏற்ற எண் வகுபடுகிறது. ‘ஆல்’ ஏற்ற எண் வகுக்கிறது. எழுதுவதற்கு முன் ‘ஐ’ வந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். சில நாட்களில் பழகிவிடும்.

அவன் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ÷ குறியைப் பயன்படுத்தும்போது வகுபடும் எண் முதலில் வருகிறது; நீள் வகுத்தலுக்குக் கட்டம் போடும்போது நம்மில் பலர் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் எழுதுகிறோம். அதாவது வரிசை தலைகீழாகிறது. இதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. குறிகள் மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டவை என்பதையும் அவனுக்குச் சொல்லலாம். ÷ என்ற குறியை வகுத்தலுக்குப் பயன்படுத்தி 1659-இல் நூல் வெளியிட்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் ரான். இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து எழுதும் வழக்கத்தை 1684-இல் லைப்னிட்ஸ் பின்பற்றினார். இன்றும் அந்த இரு புள்ளி வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது.

கேள்வி: ஐயா, நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் 13 என்று எழுதுகிறார்கள். ஈவில் சுழியம் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் அடுத்த வாரம் மறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சுழியம் போட வேண்டும் என்பது ஒரு கட்டளையாக அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. காரணம் தெரியாத கட்டளையைக் குழந்தை மறப்பதில் வியப்பில்லை. நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய காலத்தில் நானும் வகு, பெருக்கு, கழி, இறக்கு என்ற நான்கு சொற்களையே ஒப்பிக்க வைத்தேன். ஒரு நாள் ஒரு சிறுமி எழுந்து, எதை இறக்குகிறோம், எங்கிருந்து இறக்குகிறோம் என்று கேட்டாள். அடுத்த இலக்கத்தை என்று சொன்னேனே தவிர, அந்த இலக்கம் எதைக் குறிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டது இட மதிப்பைப் பற்றி. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் நீள் வகுத்தலைக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

முதலில் சுழியம் வராத ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 745-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். நூறு குச்சிகள் கொண்ட பெரிய கட்டுகள் 7, பத்துக் குச்சிகள் கொண்ட சிறிய கட்டுகள் 4, உதிரிக் குச்சிகள் 5 இருக்கின்றன. மூன்று பேருக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். பெரிய கட்டுகளில் ஆளுக்கு 2 கொடுத்தால் 6 போய்விடும், 1 எஞ்சும். அதை அவிழ்த்தால் பத்துச் சிறிய கட்டுகள் கிடைக்கும். ஏற்கெனவே இருந்த 4 கட்டுகளோடு சேர்த்து இப்போது 14 சிறிய கட்டுகள். இந்தச் சேர்ப்பைத்தான் தாளில் நாம் 4-ஐ இறக்குவதாகச் சொல்கிறோம். எஞ்சிய 1-க்குப் பக்கத்தில் 4 வந்து நின்று 14 ஆவது ஏதோ மாயத்தால் அன்று. நூறு அவிழ்ந்து பத்துகளாகியிருக்கிறது. 14 கட்டுகளில் ஆளுக்கு 4 கொடுத்தால் 12 போய் 2 எஞ்சும். அவற்றையும் அவிழ்த்தால் 20 குச்சிகள். இருந்த 5 உதிரிகளோடு 25. ஆளுக்கு 8 கொடுத்தால் 24 போய் 1 மீதி. ஆளுக்குக் கிடைத்தவை 2 நூறுகள், 4 பத்துகள், 8 ஒன்றுகள். ஈவு 248, மீதி 1.

இந்த வழியில் கற்ற குழந்தையிடம் 618-ஐக் கொடுத்துப் பாருங்கள். 6 பெரிய கட்டுகள், ஆளுக்கு 1. சிறிய கட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆறு பேருக்குக் கட்டாகக் கொடுக்க முடியாது. ஆளுக்குப் பத்துக்கட்டு எத்தனை என்றால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை என்பதைப் பத்தின் இடத்தில் எழுதுவதுதான் 0. பிறகு அந்தக் கட்டை அவிழ்த்து 8 உதிரிகளோடு சேர்த்தால் 18, ஆளுக்கு 3. ஆகவே 103. சுழியத்தை எழுதாமல் விட்டவர், ஆளுக்குக் கிடைத்த நூறைப் பத்தாக்கிவிட்டார். ஆறு பேரும் தங்கள் பங்கில் தொண்ணூறு குச்சிகளை இழந்துவிட்டார்கள். இப்படிச் சொன்னால் குழந்தைகளுக்கு அந்தப் பிழையின் அளவு புரிகிறது.

இத்துடன் ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கைத் தொடங்கும் முன்பே ஈவு ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டும். 6 நூறுகள் 600. 618 அதைவிடப் பெரியது. ஆகவே ஈவு 100-க்குக் குறைய வழியே இல்லை. ஈவில் மூன்று இலக்கங்கள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே மூன்று புள்ளிகள் வைத்துக்கொண்ட குழந்தை 13 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க மாட்டாள்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும்போது வகுத்தல் மட்டும் ஏன் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று கூர்மையான குழந்தை கேட்கும். அதைத் தடுக்காமல் செய்து பார்க்க விடுங்கள். 745-ஐ வலமிருந்து மூவருக்குப் பங்கிட்டால், உதிரிகளில் ஆளுக்கு 1, மீதி 2. பத்துகளில் ஆளுக்கு 1, மீதி 1. நூறுகளில் ஆளுக்கு 2, மீதி 1. இதுவரை ஆளுக்கு 211. கையில் இன்னும் 112 இருக்கிறது. அதை மறுபடி பங்கிட்டு ஆளுக்கு 37 கொடுத்து, முன்பு எழுதிய 211-ஐ அழித்து 248 ஆக்க வேண்டும். விடை வந்துவிடுகிறது, ஆனால் வேலை இரட்டிப்பாகிறது. பெரிய அலகில் எஞ்சுவதைச் சிறிய அலகாக அவிழ்க்கலாம் என்பதால் பெரியதிலிருந்து தொடங்குவதே சிக்கனம். வேறு காரணம் எதுவும் இல்லை.

கேள்வி: வகுக்கும் எண் இரண்டு இலக்கமாகிவிட்டால் என் பேத்திக்கு அழுகையே வந்துவிடுகிறது. 23-ஆம் வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள்.

பதில்: வேண்டாம். 23-இன் எந்த மடங்கு அவளுக்கு எளிதோ அதிலிருந்து தொடங்கலாம். 1,587-ஐ 23-ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 23-இன் 10 மடங்கு 230 என்பது அவளுக்குத் தெரியும். 50 மடங்கு 1,150. அதைக் கழித்தால் 437 எஞ்சும். இன்னுமொரு 10 மடங்கைக் கழித்தால் 207. அது 23-இன் 9 மடங்கு. 50, 10, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 69. 60 மடங்கை ஒரே முறையில் கழிக்கத் தெரிந்தவருக்கு ஒரு படி குறையும். தெரியாதவருக்கு ஒரு படி கூடும். விடை இருவருக்கும் ஒன்றே. ஊகம் சற்றுக் குறைவாகப் போனாலும் அழித்து எழுத வேண்டியதில்லை என்பதால் பயந்த குழந்தைகளுக்கு இந்த முறையையே நான் பரிந்துரைக்கிறேன். சுருக்கமான முறைக்கு அவள் பிறகு தானாகவே வந்து சேர்வாள்.

இதைக் குறுக்குவழி என்று யாராவது குறைகூறினால், இதன் வயதைச் சொல்லுங்கள். கி.மு. 1550-ஐ ஒட்டி எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த கணக்குச் சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. ரைண்டு பாப்பிரசு என்று அதற்குப் பெயர். அக்கால எகிப்தியர் வகுக்கும் எண்ணை இரட்டித்துக்கொண்டே போய், வேண்டிய மடங்குகளைப் பொறுக்கிக் கூட்டினார்கள். நம் கணக்கை அவர்கள் முறையில் செய்தால், 23, 46, 92, 184, 368, 736, 1,472 என்று இரட்டிக்க வேண்டும். இவை 1, 2, 4, 8, 16, 32, 64 மடங்குகள். 1,472-உடன் 92-உம் 23-உம் சேர்ந்தால் 1,587. எனவே 64 + 4 + 1 = 69. இரட்டிக்கவும் கூட்டவும் மட்டுமே தெரிந்தவர் செய்யக்கூடிய வகுத்தல் இது. உங்கள் பேத்தியை ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அழுகை நின்றுவிடும் என்று நம்புகிறேன். படிப்படியாக இலக்கங்களை இறக்கி எழுதும் இன்றைய வடிவமோ 1491-இல் புளோரன்சில் அச்சான கலாந்திரியின் கணக்கு நூலில்தான் முதன்முதலாக அச்சில் காணப்படுகிறது.

கேள்வி: 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2 என்று பள்ளியில் சொல்கிறார்கள். கால்குலேட்டர் 3.4 என்கிறது. அப்படியானால் மீதி 4 தானே என்று என் மகன் கேட்கிறான். எது சரி?

பதில்: இரண்டும் சரி; உங்கள் மகன் செய்த முடிவு மட்டும் சரியன்று. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. 3.4-இல் உள்ள 0.4 என்பது எஞ்சிய பொருள்களின் எண்ணிக்கை அன்று. எஞ்சிய 2-ஐயும் ஐந்தாகப் பங்கிட்டபோது ஒவ்வொருவருக்கும் வந்த பங்கு. 0.4-ஐ 5-ஆல் பெருக்கினால் அந்த 2 திரும்பக் கிடைக்கும். கால்குலேட்டர் மீதியை வெளியே வைப்பதில்லை. அதையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஈவு 3, மீதி 2 என்பதை சமக்குறி போட்டு 17 ÷ 5 = 3 மீதி 2 என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. அப்படி எழுதினால் 11 ÷ 3 என்பதற்கும் 3 மீதி 2 என்றே வரும். ஒன்றுக்குச் சமமானவை தமக்குள் சமம் என்றால் 17 ÷ 5-உம் 11 ÷ 3-உம் சமமாகிவிட வேண்டும். ஆனால் முன்னது 3.4, பின்னது 3.66-ஐயும் தாண்டுவது. அதற்குப் பதிலாக 17 = 5 × 3 + 2 என்று எழுதப் பழக்குங்கள். இதில் ஒவ்வோர் எண்ணுக்கும் இடம் இருக்கிறது, சரிபார்ப்பும் உள்ளேயே இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் கூடவே வர வேண்டும்: மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 29 = 4 × 6 + 5 என்பதும் உண்மைதான்; ஆனால் கையில் 5 இருக்கும்போது நால்வருக்கும் இன்னுமொரு சுற்றுக் கொடுக்கலாம் அல்லவா? பங்கிட்டு முடிக்கவில்லை என்பதுதான் அங்கே பிழை.

மீதியை என்ன செய்வது என்பதை எண்கள் சொல்வதில்லை, கணக்கிலுள்ள பொருள் சொல்கிறது. 50-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. வண்டிக்கு 8 பேர் வீதம் 50 பேர் போக வேண்டுமானால் 7 வண்டிகள் வேண்டும். மாலைக்கு 8 மணிகள் வீதம் 50 மணிகளைக் கோத்தால் 6 மாலைகள்தான் முழுமையாகும். 50 மீட்டர் கயிற்றை 8 சம துண்டுகளாக வெட்டினால் துண்டின் நீளம் 6¼ மீட்டர். ஒரே வகுத்தலுக்கு 7, 6, 6¼ என்று மூன்று விடைகள், மூன்றும் சரியானவை. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் தேசிய அளவிலான ஒரு மதிப்பீட்டில், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம் என்றால் 1,128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்களில் 29 விழுக்காட்டினர் 31 மீதி 12 என்று எழுதினார்கள். வகுத்தலில் அவர்கள் தவறவில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் சாலையில் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. வகுத்து முடித்ததும் மீதியைப் பார்த்து, இது எதன் மீதி என்று கேட்கும் பழக்கம் இல்லாததே காரணம்.

கேள்வி: 0-ஆல் வகுத்தால் விடை 0 என்று ஒருவர் சொல்கிறார், முடிவிலி என்று இன்னொருவர் சொல்கிறார், வகுக்கவே கூடாது என்று பாடநூல் சொல்கிறது. ஏன் கூடாது?

பதில்: இந்தக் கருத்து வேறுபாடு மிகப் பழையது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் சுழியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை எழுதியபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அந்த எண் மாறாமல் நிற்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதை எல்லையற்ற அளவு என்று கொண்டார். இத்தகைய மேதைகளே தடுமாறிய இடத்தில் குழந்தைகள் தடுமாறுவது இயல்பே என்பதை முதலில் மனத்தில் கொள்வோம்.

வகுத்தல் சொன்ன விடையைப் பெருக்கலிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். 12 ÷ 3 = 4, ஏனெனில் 4 × 3 = 12. இப்போது 12 ÷ 0 என்பதற்கு ஏதாவது ஒரு விடை இருக்குமானால், அதை 0-ஆல் பெருக்கினால் 12 வர வேண்டும். எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 0 தான் வரும். ஆகவே விடையாக நிற்க ஓர் எண்ணும் இல்லை. 0 ÷ 0-இன் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே 5 என்றாலும் சரிபார்ப்பு ஒத்துவரும், 19 என்றாலும் ஒத்துவரும். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒத்துவருவதால் அதுவும் ஒரு விடை ஆகாது. முன்னதில் விடையே இல்லை, பின்னதில் விடைகளுக்கு அளவே இல்லை. முடிவிலி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 12 ÷ 0, 7 ÷ 0 இரண்டும் முடிவிலி என்றால், திரும்பப் பெருக்கும்போது அது 12 ஆக வேண்டுமா 7 ஆக வேண்டுமா?

சிறு குழந்தைக்கு இவ்வளவும் வேண்டாம். 12 பென்சில்கள் உள்ள குவியலிலிருந்து ஒவ்வொரு முறையும் 0 பென்சில்களை எடுத்துக்கொண்டே இரு, எப்போது தீரும் என்று கேளுங்கள். 0 ÷ 5 மட்டும் வேறு: ஒன்றுமில்லாததை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றுமில்லை, விடை 0. இவ்விரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள்; குழந்தைகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வகுத்தால் எண் சிறிதாகும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். இப்போது பின்னம் வந்ததும் 6 ÷ ½ = 12 என்கிறது புத்தகம். என் மகன் நம்ப மறுக்கிறான். எப்படி விளக்குவது?

பதில்: வகுத்தால் சிறிதாகும் என்பது வகுக்கும் எண் 1-ஐவிடப் பெரியதாக இருக்கும் வரையில்தான் உண்மை. இங்கே பங்கீட்டுக் கேள்வியை வைத்துக்கொண்டு அரை ஆளுக்குக் கொடுப்பது எப்படி என்று யோசித்தால் வழி அடைபட்டுவிடும். குழுவாக்கல் கேள்வியைக் கேளுங்கள்: 6 மீட்டர் நாடாவில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை கிடைக்கும்? மீட்டருக்கு 2 துண்டு வீதம் 12. அந்த 12 துண்டுகளின் எண்ணிக்கைதான், நாடா வளர்ந்துவிடவில்லை. அவன் நம்ப மறுப்பதற்குக் காரணம், 12 என்றால் 12 மீட்டர் என்று எண்ணிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம்.

பிறகு நாடாவை அப்படியே வைத்துக்கொண்டு துண்டின் நீளத்தை மட்டும் மாற்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள்: 3 மீட்டர்த் துண்டானால் 2, 2 மீட்டரானால் 3, 1 மீட்டரானால் 6, அரை மீட்டரானால் 12. துண்டு சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை பெருகுவதை அவன் கண் முன்னே பார்ப்பான். அடுத்த வரியில் நீங்கள் ¼ என்று எழுதி முடிப்பதற்குள் அவன் 24 என்று சொல்லிவிடவும் கூடும்.